கழற்றித் துடைத்தலும் நுழைத்துத் துடைத்தலும்: காருக்குள் இண்டு இடுக்கின் வரலாறு

காரின் உட்புறத்தைத் துப்புரவு செய்யும் முறை கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் அடைந்த மாற்றங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னதாக இருக்கையிலோ கதவிலோ முகப்புப் பலகையிலோ ஒரு வசதி சேர்ந்திருப்பதும், அவ்வசதி தன்னோடு ஒரு புதிய இடுக்கைக் கொண்டுவந்திருப்பதும் தெரியவரும். தொடக்கக் காலத்தில் அழுக்கடைந்த பகுதியைக் கழற்றி வெளியே எடுத்துத் தட்டித் துடைப்பது எளிதாக இருந்தது. இன்றோ அப்பகுதி இருந்த இடத்திலேயே இறுகப் பொருந்தியிருக்க, துடைக்கும் கருவிதான் தன் உருவத்தைக் குறுக்கிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டியிருக்கிறது.

முதல் தலைமுறைக் கார்களின் உடற்பகுதியைச் செய்தவர்கள் பெரும்பாலும் குதிரை பூட்டிய கோச்சு வண்டிகளைச் செய்துவந்த தச்சர்களும் தோல் தையற்காரர்களுமே ஆதலால், வண்டியின் இருக்கை மாற்றமின்றிக் காருக்குள் வந்து அமர்ந்தது. குதிரை மயிரை அடைத்துத் தோலால் மூடி, மயிர் ஒருபுறம் ஒதுங்கிவிடாதபடி இடைவெளி விட்டுப் பொத்தான்களால் இழுத்துத் தைத்த அந்த மெத்தையின் மேற்பரப்பில், ஒவ்வொரு பொத்தானைச் சுற்றியும் ஆழமான மடிப்புகள் உண்டாயின. தார் போடாத மண் சாலையில் கூரையற்ற வண்டியில் சென்றவர்களின் மேல் படிந்த புழுதி, அதே அளவில் இந்த மடிப்புகளிலும் இறங்கியது. சுவிட்சர்லாந்து மருத்துவரான எர்னெஸ்ட் குக்லியெல்மினெட்டி 1902ஆம் ஆண்டில் மொனாக்கோவில் சாலைக்குத் தார் பூசிக் காட்டியதன் நோக்கமே கார்கள் கிளப்பிய இந்தப் புழுதியை அடக்குவதுதான். கோச்சு வண்டியின் மரபு எவ்வளவு ஆழமாக ஊன்றியது என்பதற்குச் சொல்லே சான்றாக நிற்கிறது: குதிரை வண்டியில் பணியாளர் அமர்ந்த இருக்கைக்கு வழங்கிய 'டிக்கி' என்னும் பெயர், பின்னர்ச் சிறு கார்களின் பின்புறத்தில் மடக்கித் திறக்கும் இருக்கைக்கு ஆகி, தமிழர் வழக்கில் சாமான் வைக்கும் பின்பெட்டியின் பெயராக இன்றும் நீடிக்கிறது.

கழற்றித் துடைக்கும் காலத்தின் சிறந்த எடுத்துக்காட்டு, 1908இல் விற்பனைக்கு வந்து 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி ஆகும். பெட்ரோலைத் தள்ளும் பம்பு இல்லாத அக்காரில், எரிபொருள் தன் எடையாலேயே எஞ்சினுக்கு இறங்கிச் செல்ல வேண்டியிருந்தமையால், நெடுங்காலம் பெட்ரோல் தொட்டி முன்னிருக்கைக்கு அடியிலேயே வைக்கப்பட்டிருந்தது. ஆகவே பெட்ரோல் ஊற்ற வேண்டிய ஒவ்வொரு முறையும் பயணிகள் எழுந்து நிற்க, மெத்தையைத் தூக்கி எடுக்க வேண்டியதாயிற்று. காலடித் தளமும் எடுத்து மாட்டக்கூடிய மரப்பலகைகளால் ஆனதாக இருந்தது. துப்புரவை எண்ணிச் செய்யப்படாத இந்த அமைப்பு, இருக்கைக்கு அடியில் விழுந்தவை எவையாயினும் சில நாள்களுக்கு ஒருமுறை கண்ணுக்கும் கைக்கும் எட்டும்படி செய்துவிட்டது.

இந்த நிலையை மாற்றியது கூரை. அமெரிக்காவில் 1919ஆம் ஆண்டளவில் விற்ற கார்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே நிலையான கூரையும் கண்ணாடிச் சன்னல்களும் கொண்ட மூடிய கார்களாக இருக்க, 1927இல் அவற்றின் பங்கு 85 விழுக்காட்டை எட்டியது. மழைக்கு அஞ்ச வேண்டாத மூடிய அறைக்குள் தோலுக்குப் பதிலாகக் கம்பளித் துணியும், ஆட்டுமயிர் இழையால் நெய்த மொஹேர் துணியும், தரைவிரிப்பும் இடம்பெற்றன. கதவுக்குள் கண்ணாடி இறங்குவதற்கென விடப்பட்ட நீண்ட பிளவும், கூரைத் துணி சுவரோடு சேரும் மூலையும், விரிப்பின் ஓரம் கதவுச் சட்டத்துக்குள் மறையும் வரம்பும் இவ்வாறு உண்டான புதிய இடுக்குகள். திறந்த வண்டியில் காற்று அடித்துக்கொண்டு போன தூசி, இங்கே வெளியேற வழியின்றித் துணியின் இழைகளுக்குள் இறங்கியது. நீர் ஊற்றிக் கழுவ முடியாத அந்தத் துணிக்கு வேறொரு கருவி தேவைப்பட்டது.

அக்கருவி வீட்டு உபயோகத்துக்கென முன்னரே பிறந்திருந்தது. தூசியைக் காற்றால் ஊதித் தள்ளும் ஓர் இயந்திரத்தை லண்டனில் கண்ட ஹூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர், ஊதிய தூசி மறுபடியும் அங்கேயே படிவதைக் கவனித்து, உறிஞ்சுவதே முறை எனத் துணிந்து 1901இல் தம் இயந்திரத்தை உருவாக்கினார். குதிரை வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டிய அளவுக்குப் பெரிதாயிருந்த அதை, கையால் பிடிக்கும் அளவுக்குக் குறுக்கியவர் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் ஒரு கடையில் துப்புரவுப் பணி செய்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர்; அவருடைய காப்புரிமையை 1908இல் பெற்றுத் தொழிலாக வளர்த்தவர் வில்லியம் ஹூவர். ஹூவரின் குடும்பத் தொழில் குதிரைகளுக்கான சேணமும் தோல்வாரும் செய்வது. கார் பெருகினால் குதிரைச் சேணத்துக்கு எதிர்காலம் இராது என்ற கவலையே அந்நிறுவனத்தை மாற்றுத் தொழில் தேட வைத்த காரணங்களுள் ஒன்றாதலால், கார் தன் வரவால் வளர்த்துவிட்ட ஒரு கருவியே பின்னாளில் காருக்குள் நுழைந்தது எனலாம். உறிஞ்சும் குழலின் முனையில் மாட்டும் தட்டையான, குறுகலான மூக்கு, விரல் நுழையாத சந்துகளுக்கென்றே வந்த துணைக்கருவி ஆகும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இருக்கையின் வடிவமே மாறியது. தொடக்கக் கால அம்பாசிடர் காரில் முன்னிருக்கை ஒரே நீளப் பலகைபோல் இருந்து, கியர்க் கம்பி ஸ்டியரிங்கின் தண்டிலேயே பொருத்தப்பட்டிருந்தமையால், இருவருக்கு நடுவே இடுக்கென்று சொல்ல ஏதுமில்லை. அதன் ரெக்சின் உறையை ஈரத்துணியால் ஒரே வீச்சில் துடைத்துவிடலாம். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 போன்ற கார்களில் தனித்தனி இருக்கைகளும் தரையிலிருந்து எழும் கியரும் பரவலாயின. இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளங்களின் பள்ளமும், இருக்கைக்கும் நடுமேட்டுக்கும் இடைப்பட்ட சந்தும் சில்லறைக் காசும் முறுக்குத் தூளும் போய்ச் சேரும் இடங்களாயின. 1959இல் வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் வடிவமைத்த மும்முனை இருக்கைப் பட்டை உயிர்காக்கும் சாதனமாக உலகெங்கும் பரவியபோது, அதன் பூட்டுக் கொக்கி எழுந்துநிற்கும் இடமாக அதே சந்தே அமைந்தது.

முகப்புப் பலகையிலும் இதே கதைதான். 1940ஆம் ஆண்டுக்கான பேக்கர்டு கார்களில் முதன்முதலாக வந்த குளிர்சாதனத்தின் பெரும்பகுதி பின்பெட்டியை அடைத்துக்கொண்டிருக்க, நாஷ் நிறுவனம் 1954இல் வெப்பமூட்டலையும் குளிரூட்டலையும் இணைத்து முன்புறத்துக்குக் கொண்டுவந்தது. அதன்பின் காற்று வரும் வாயில்களின் மெல்லிய கீற்றுகள் ஓட்டுநரின் கண்ணெதிரே நின்று, பார்க்கலாம், தொட முடியாது என்ற வகை அழுக்குக்கு இடம் தந்தன. இதற்கெனத் தனிக்கருவி தோன்றுமுன், பெயிண்ட் அடிக்கும் பிரஷும் குச்சியில் சுற்றிய துணியுமே கைகொடுத்தன. வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் கம்ப்ரசர் குழாயால் காற்றடித்துத் தூசியைக் கிளப்புவது, பூத் குறையென்று ஒதுக்கிய ஊதும் முறையின் மறுவருகையே. எனினும் கிளப்பியதை உடனுக்குடன் உறிஞ்சும் குழல் அருகிருக்குமாயின் அக்குறை நீங்குகிறது. நிலவின் தரையைத் துளைத்து மண்ணெடுக்க அப்பல்லோ பயணங்களுக்காக மின்கலத்துளைப்பான் செய்த பிளாக் அண்டு டெக்கர், 1979இல் கம்பியில்லாக் கையடக்க உறிஞ்சியான டஸ்ட்பஸ்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காரிலேயே சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து மின்சாரம் பெறும் உறிஞ்சிகளும் புழக்கத்தில் சேர்ந்தன.

இவ்வரிசையில் அண்மையில் சேர்ந்திருப்பது, இடுக்கில் அழுத்தி எடுத்தால் தூசியை ஒட்டிக்கொண்டு வரும் கொழகொழப்பான பசை. ஒட்டியெடுக்கும் இவ்வுத்தி புதிதன்று. நிலக்கரி அடுப்பின் கரி படிந்த சுவர்த்தாள்களைத் துடைப்பதற்காக சின்சினாட்டியின் குட்டோல் நிறுவனம் 1930களில் விற்ற மாவுப் பசையே, கரி அடுப்புகள் குறைந்தபின் 1956இல் ப்ளே டோ என்னும் விளையாட்டுக் களிமண்ணாகியது. துப்புரவுப் பொருள் பொம்மையான அந்தப் பாதையில் எதிர்த்திசைப் பயணமும் நடந்திருக்கிறது: 1976இல் மேட்டல் நிறுவனம் குழந்தைகளுக்கென விற்ற ஸ்லைம், கொத்தவரை விதையின் பிசினோடு வெண்காரம் சேர்ந்து நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் வேதியியலில் உருவானது; அவ்வகைக் கூழே இன்று கார் இடுக்குக்கும் பயன்படுகிறது. கொத்தவரைப் பிசினை உலகில் மிகுதியாகத் தருவது இந்தியா. அதிலும் பெரும்பங்கு ராஜஸ்தானின் வறண்ட வயல்களிலிருந்து வருகிறது.

பிரஷ் முதல் மூக்குக் குழல் வரை வந்த கருவிகள் ஒவ்வொன்றும் தத்தம் வடிவத்துக்கு இசைந்த இடுக்கை மட்டுமே எட்டின. தனக்கென வடிவமற்ற இக்கூழ், எந்த இடுக்கில் வைத்தாலும் அந்த இடுக்கின் அச்சாகவே வெளியே வருகிறது. மாடல் டி காரின் மெத்தை பெட்ரோலுக்காகத் தூக்கப்பட்டபோது வெளிச்சத்துக்கு வந்த அதே தூசியை, கழற்ற வழியற்ற இன்றைய காரில் காண்பதற்கு, இடுக்கின் உருவத்தையே இவ்வாறு வார்த்தெடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.