விமானத் தொழிலும் தகுதிப் பேச்சும்

பெங்களூரில் ஒரு பெரிய விமானக் கம்பெனி. பெயர் வேண்டாம். அங்கே நான் மெக்கானிக்கல் இன்ஜினீயர். சேர்ந்த முதல் வாரம், தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தர் நான் போனில் பேசிய தமிழைக் கேட்டு நிமிர்ந்தார்.

"சார், கேஜிஎஃப்பா? எந்த லைன் சார் நீங்க?"

கோலார் தங்கவயலில் லைன் என்றால் சுரங்கக் கூலிகளுக்கு வெள்ளைக்காரக் கம்பெனி வரிசையாகக் கட்டிப்போட்ட வீடுகள். லைனைச் சொன்னால் அநேகமாகச் சாதியையும் சொன்ன மாதிரிதான். குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன நம்ம சனங்க. என் தாத்தா சாம்பியன் ரீஃபில் பூமிக்குக் கீழே வேலை செய்தவர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடியபோது அப்பாவுக்கு வேலை போனது. அதற்குப் பிறகு மாரிக்குப்பம் ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்குக் கூலிக்குப் போனார்.

"இல்லம்மா, நான் பெங்களூர்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். எட்டு வருஷம் அந்தப் பொய்யோடு ஓடியது.

என் வேலை என்னவென்றால், ரெக்கைக்குள் குழாயையும் ஒயரையும் தாங்கிப் பிடிக்கிற சின்னச் சின்ன பிராக்கெட்டுகளுக்குக் கணக்குப் போடுவது. விமானத்துக்கு அதன் ஆயுளில் வரக்கூடிய அதிகபட்ச பாரம் எதுவோ, அதைப்போல ஒன்றரை மடங்கு தாங்கவேண்டும் என்பது விதி. பயந்துகொண்டு அதற்குமேல் உலோகத்தைக் கூட்டவும் முடியாது. எடை கூடும், எரிபொருள் கூடும். பாலம் கட்டுகிறவருக்குக் கிடைக்கிற தாராளம் எங்களுக்குக் கிடையாது. அதனால் ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்ப்பார், மூன்றாமவர் கையெழுத்துப் போடுவார். ஒரு போல்ட் எந்த ஆலையில், எந்த உருக்கில் பிறந்தது என்று தாளில் இருக்கும். போல்ட்டுக்குப் பூர்வீகம் கேட்பது உயிரைக் காப்பாற்ற. மனுசனுக்கு எதற்குக் கேட்கிறார்கள்?

ஒருநாள் கேன்டீனில் ஒருத்தர் சொன்னார்: "கோட்டாவுல வந்தவன் கணக்குப் போட்ட பிளேன்ல நான் ஏற மாட்டேன்ப்பா." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி தூக்கமில்லை. அதற்குப் பிறகுதான் இந்தத் தொழிலின் பழங்கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இந்தச் சிரிப்புக்கு வயசு அதிகம். 1941-இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் கம்பெனிக்குக் குண்டுவீச்சு விமானத் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்தது. அதன் தலைவர் கின்டெல்பெர்கர் பத்திரிகைக்காரர்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்: கறுப்பர்களைத் துப்புரவு வேலைக்குத்தான் எடுப்போம், விமான வேலையில் பயிற்சி பெற்றிருந்தாலும் சரி. பயிற்சி இருந்தும் கூடாது என்றால் அது என்ன தகுதி? தகுதிக்கு அர்த்தம் தோல்தான் என்று அந்த மனுசன் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நம்மூர்க்காரர்களுக்கு அந்த நேர்மைகூட இல்லை.

அதை மாற்றியது யாருடைய மனமாற்றமும் இல்லை. ரயிலில் படுக்கை விரிக்கிற கறுப்புத் தொழிலாளர்களின் சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ப், ஜூலை 1-இல் வாஷிங்டனுக்கு ஆயிரமாயிரம் பேரோடு வருவேன் என்றார். ரூஸ்வெல்ட் ஜூன் 25-இல் 8802-ஆம் ஆணையில் கையெழுத்திட்டார். யுத்தத் தளவாடத் தொழிலில் இனம், நிறம் பார்த்து ஆளை ஒதுக்கக் கூடாது. பேரணி நடக்கவே இல்லை. நடக்கும் என்ற பயமே போதுமானதாக இருந்தது.

1942-இல் சியாட்டிலில் போயிங் கதவைத் திறந்தது. தகடு வேலைக்கு டோரதி வெஸ்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்புப் பெண் போனார். ஆனால் அங்கிருந்த மெஷினிஸ்ட் சங்கத்தில் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம். அந்தத் தடை போக 1948 ஆனது. தொழிற்சங்கம்! வர்க்கம் ஒன்றே என்று நமக்குப் பாடம் எடுக்கும் தோழர்கள் குறித்துவைத்துக்கொள்ளட்டும்.

1961-இல்கூட ஜார்ஜியாவில் லாக்ஹீட் ஆலையில் தண்ணீர்க் குழாய் தனி, கழிப்பறை தனி, சாப்பிடும் இடம் தனி. நம்ம டீக்கடை இரட்டைக் குவளையேதான், கொஞ்சம் பளபளப்பாக. அரசாங்கத்தின் பெரிய விமான ஒப்பந்தம் கைக்கு வந்த நேரத்தில் கறுப்பர் அமைப்பு புகார் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் பலகைகள் இறங்கின.

ராண்டால்ப் அங்கே ஆணை வாங்கிய மறுவருஷம், 1942-இல், வைஸ்ராய் சபையில் அம்பேத்கர் தொழிலாளர் துறைக்கு வந்தார். 1943-இல் மத்திய அரசு வேலைகளில் நமக்கு 8.33 சதவீதம் என்று ஆணை வந்தது. அந்த வழியாகத்தான் பின்னால் பொதுத்துறை ஆலைகளுக்குள்ளும் நம்மவர்கள் நுழைந்தார்கள். 1991-க்குப் பிறகு வேலை தனியாருக்குப் போனது, வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போனது. அங்கே நமக்கு இடம் ஒதுக்கச் சொல்லும் மத்தியச் சட்டம் இன்றுவரை இல்லை. எங்கள் கம்பெனியில் துடைப்பம் பிடிக்கிற கைகளில் தங்கவயல் கைகள் எத்தனையோ. கணக்குப் போடுகிற மாடியில் எனக்குத் தெரிந்து நான் ஒருத்தன். என்னைப்போல ஒளிந்திருப்பவர் வேறு யாராவது இருக்கலாம்.

2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம், போயிங் பிறந்த அதே ஊர். கேன்டீனில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "அங்கயும் போய் கோட்டா கேப்பாங்க போல" என்றார் அதே ஆள்.

"நான் கோட்டாவுல படிச்சவன்தான் சார். நீங்க சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட என் கணக்கெல்லாம் திருப்பி வாங்கிக்கட்டுமா?" என்றேன். குரல் நடுங்கியது.

யாரும் சிரிக்கவில்லை. "உன்னச் சொல்லலப்பா" என்றார். மறுநாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் என் பக்கத்து நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

அந்த வாரமே அந்த அம்மாவைத் தேடிப் போனேன். தாத்தா இருந்த லைனைச் சொன்னேன். அவர் மாப்பைப் பிழிந்துகொண்டே, "மொத நாளே தெரியும் தம்பி" என்றார். சாயங்கால ரயிலுக்கு நேரமாகிறது என்று வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.