ஒழுகும் தொட்டிகள்: சிமெண்டும் கண்ணாடியும்

பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில் லயத்து வீடுகளை ஒட்டிச் சிமெண்டுத் தொட்டி இருக்கும். குளிக்கவும் துவைக்கவும் பிடித்து வைத்த தண்ணீரில் கொசுப்புழு சேராமலிருக்க நாலு கப்பி மீன்களை விட்டு வைப்பார்கள். தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்ட பின் அந்தக் குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் தாமான்களுக்கு வந்து சேர்ந்தன. மீன் வளர்க்கும் ஆசையும் கூடவே வந்தது. தொட்டி மட்டும் கண்ணாடியானது. ஆனால் ஒழுகல் என்றதும் கை பழைய பழக்கத்துக்கே போகிறது. பழைய பூச்சின்மேல் புதுப்பூச்சு என்பது சிமெண்டில் எடுபடும். கண்ணாடியில் எடுபடவே எடுபடாது.

முதல் வேலை ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது. இதில் சிமெண்டுத் தொட்டி தானே வாய் திறந்து சொல்லிவிடும். நிரப்பிவிட்டு விட்டுவிடுங்கள், தண்ணீர் இறங்கி எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அந்த மட்டத்தில்தான் வெடிப்பு. வெயிலுக்கு ஆவியாகிறதோ என்ற சந்தேகம் இருந்தால் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரை வைத்து, இரண்டும் எவ்வளவு குறைகின்றன என்று பார்த்தால் போதும். பிறகு தொட்டியைக் காலி செய்து சுவரைக் காய விடுங்கள். சுவர் முழுக்க வெளுத்த பிறகும் வெடிப்பு மட்டும் கறுத்த கோடாக ஈரம் காட்டிக்கொண்டிருக்கும்.

கண்ணாடித் தொட்டியோ ஏமாற்றும். தண்ணீர் உள்ளே ஒரு மூலையில் நுழைந்து, இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஓடி, அடுத்த மூலையில் சொட்டும். சொட்டும் இடத்தில் மட்டும் பசை வைத்தால் ஒழுகல் இடம் மாறுமே தவிர நிற்காது. வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, இணைப்பு நெடுக டிஷ்யூ தாளை ஒட்டி வைத்து, முதலில் நனைவது எது என்று பார்க்க வேண்டும். காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி வழிவதையும், ஈப்போவின் ஈரக்காற்றில் குளிர்ந்த கண்ணாடி வியர்ப்பதையும் ஒழுகல் என்று எண்ணித் தொட்டியைப் பிரித்தவர்கள் உண்டு. அதையும் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: அடைப்பு உள்ளேயிருந்து. நாலடித் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 120 செ.மீ., அகலம் 45 செ.மீ., தண்ணீர் 40 செ.மீ. உயரம் என்றால் 216 லிட்டர், அதாவது 216 கிலோ. முன்கண்ணாடியைத் தண்ணீர் வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய 96 கிலோ எடைக்குச் சமம். வெளியே ஒட்டியதை அந்த விசை பிய்த்துத் தள்ளும். உள்ளே ஒட்டியதை அதே விசை சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும்.

இதற்கு மேல் இரண்டும் நேரெதிர். சிமெண்டு ஈரத்தில் இறுகும் பொருள். வெடிப்பை உளியால் ‘வி’ வடிவில் கொத்தி, தூசி போகக் கழுவி, பழைய சுவரை நன்றாக நனைத்து, சிமெண்டுப் பால் தடவி, அது காயுமுன் ஒரு பங்கு சிமெண்டு மூன்று பங்கு மணல் கலவையை அழுத்தி நிரப்ப வேண்டும். நனைக்காத சுவர் கலவையின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பூச்சு பொரிந்து உதிரும். ஈரச்சாக்கு போர்த்தி ஒரு வாரம் காயாமல் வைப்பதை யாரும் குறைக்கக் கூடாது.

கண்ணாடிக்கு வேண்டிய சிலிகோன், இறுகிப்போன பழைய சிலிகோனோடு ஒட்டாது. ஆகவே உள்மூலைகளில் ஓடும் பட்டையைப் பிளேடால் முழுசாகச் சுரண்டி எடுக்க வேண்டும். கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் பசையில் மட்டும் பிளேடு படக் கூடாது. தொட்டியைத் தாங்கி நிற்பதே அதுதான். பார்வைக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் விரலால் தேய்த்தால் வழவழப்பு மிச்சமிருக்கும். அசிட்டோன் நனைத்த துணியால் அது போகும்வரை துடைத்து, இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பசையை நிறுத்தாமல் இழுத்து, விரலால் ஒரே இழுப்பில் வழித்து, மேலே தோல் கட்டுமுன் டேப்பை உரித்துவிட வேண்டும். கண்ணாடியில் சொட்டு ஈரம் ஆகாது. ஆனால் இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகுகிறது. அந்த வகையில் நம் பருவநிலை துணைதான். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சைத் தடுப்புச் சிலிகோனை வாங்காதீர்கள். அதிலுள்ள மருந்து மீனுக்கு நஞ்சு.

மீனைத் திரும்ப விடும் நேரத்திலும் வித்தியாசம் உண்டு. சிலிகோன் இறுகும்போது வினிகர் வாடை வரும். வாடை அடங்கியபின், பட்டை தடிமனாக இருந்தால் மூன்று நாளாவது பொறுத்து, தண்ணீர் நிரப்பிச் சோதித்துவிட்டு விடலாம். அதுவரை மீன்களைப் பழைய தண்ணீரிலேயே வைத்து, வடிகட்டியை அதில் ஓட விடுங்கள். பஞ்சு காய்ந்தால் அதிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் செத்துவிடும். புதுச் சிமெண்டிலோ சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருக்கும்; தண்ணீரின் காரத்தன்மை பிஎச் 11க்கு மேலும் போகும். இதைப் போக்க, வெட்டிய வாழைமரத்தைத் துண்டு போட்டு ஊறவைப்பது தோட்டத்திலும் மலாய்க் கம்பத்திலும் வழக்கம். நல்ல வழக்கம்தான்; ஆனால் அதை மட்டும் நம்பி மீனை விடுவது கொடுமை. பலமுறை தண்ணீரை மாற்றி, சோதனைத் தாள் 8க்குக் கீழே காட்டும்வரை பொறுக்க வேண்டும்.

கைவிட வேண்டிய கட்டமும் உண்டு. இணைப்பு சரியாக இருந்து கண்ணாடியிலேயே விரிசல் விழுந்திருந்தால் அந்தப் பலகையை மாற்றுவதே வழி. சிமெண்டில், அடைத்த வெடிப்பு திரும்பத் திரும்ப அதே இடத்தில் வாய்விட்டால் கோளாறு கலவையில் இல்லை, அடிநிலத்தில். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் பூமியிலும் பழைய ஈயலம்பத்து மண்ணிலும் தரை உள்வாங்குவது தெரிந்த விஷயம். அங்கே இன்னொரு மூட்டை சிமெண்டு வாங்குவதைவிட, தொட்டிக்குள் தடித்த தார்ப்பாயை விரித்துத் தண்ணீர் விடுவது மேல். தரை அசைந்தாலும் அது வளைந்து கொடுக்கும்.