ஒரே இறைவனுக்கு நான்கு சொற்கள்

தமிழ் வேதாகம வரலாற்றில் ஒரு சொல்லின் பயணத்தை ஆராய்வது நமக்குப் பயனுள்ளதாகும். தரங்கம்பாடியில் 1714-15ஆம் ஆண்டுகளில் அச்சேறிய புதிய ஏற்பாட்டில் சீகன்பால்க் ஐயர் இறைவனைச் ‘சருவேசுரன்’ என்றார். 1772இல் தம் புதிய ஏற்பாட்டை வெளியிட்ட பப்ரிசியஸ் ஐயர் ‘பராபரன்’ என்பதைத் தெரிந்தெடுத்தார். ஹென்றி பவர் ஐயர் முன்னின்று உருவாக்கிய 1871ஆம் ஆண்டின் ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. 1995இன் திருவிவிலியம் ‘கடவுள்’ என்கிறது.

இவை வெறும் பெயர்களல்ல, உருவகங்களுமாம். முதலாவது அனைத்தையும் ஆளுகிறவரையும், இரண்டாவது எட்டா மேன்மையையும், மூன்றாவது தன் வடமொழி வேரின்படி ஒளியையும் சுட்டுகின்றன. நான்காவது யாவற்றையும் கடந்தவரை நினைப்பூட்டுகிறது. இவற்றுள் ஒன்றேனும் திருச்சபை புதிதாய்ப் புனைந்ததன்று. ‘பராபரம்’ தாயுமானவர் பாடல்களிலும் ஒலிப்பதை நாம் அறிவோம்.

‘தேவன்’ வந்தபோது, அது தேவர் பலருள் ஒருவரையே குறிக்குமெனச் சிலர் அஞ்சினர். லுத்தரன் சபையாரிற் பலர் நெடுங்காலம் பழைய மொழிபெயர்ப்பை விடவில்லை. அவர்களைப் பிடிவாதக்காரர் என்று நாம் தள்ளிவிடலாகாது. தாய்மடியில் ஜெபிக்கக் கற்ற சொல்லை இழப்பது எளிதன்றே! ஆயினும், அன்று ஐயுறப்பட்ட ‘தேவன்’ இன்று அதே பற்றுடன் காக்கப்படுகிறது. சொல்லுக்குப் பொருளூட்டுவது அகராதி மட்டுமன்று. அச்சொல்லால் இறைவனை அழைத்த தலைமுறைகளுமே.