விமானம் பறக்கும் இருளர் பாட்டு

2020 பிப்ரவரியில் வெளிவந்த 'அய்யப்பனும் கோஷியும்' படத்துக்காக அட்டப்பாடியின் இருளர் பாடகி நஞ்சியம்மா பாடிய 'கலக்காத்த' பாட்டு, படம் திரைக்கு வருமுன்பே கேரளம் முழுக்கப் பரவிவிட்டது. காட்டின் ஆதிக்குரல், தொல்குடியின் எச்சம் என்றெல்லாம் அதைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்கு உடன்பாடில்லை. கிழக்கே சந்தனமரம் பூத்திருக்கிறது, பூப்பறிக்கப் போவோமா என்று குழந்தையைக் கூப்பிடும் அந்தப் பாட்டு, அடுத்து விமானம் பார்க்கவும் கூப்பிடுகிறது. வானத்தில் விமானம் பறக்கத் தொடங்கிய பிறகு கட்டப்பட்ட பாட்டு எப்படி எச்சமாகும்? கண்ணில் பட்டதையெல்லாம் அன்றன்றே பாட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் ஒரு தொழில்திறன் இருளர் ஊர்களில் உயிரோடு இருக்கிறது என்பதற்கே அது சான்று.

அந்தத் திறனுக்குக் களமும் இருந்தது. ராகியும் சாமையும் விதைக்கும்போது ஊரே கூடி நடத்தும் கம்பளம் என்ற விழாவில் பறையும் தவிலும் குழலும் முழங்கப் பாடிக்கொண்டே வேலை நடக்கும். சாவு வீட்டிலும் பாட்டும் ஆட்டமும் உண்டு. பின்னர் அந்தக் களம் சுருங்கியது. 1956 வரை சென்னையின் ஆட்சிக்குட்பட்ட மலபார் மாவட்டத்தில் இருந்த அட்டப்பாடி மலையில், 1951 கணக்குப்படி பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் பழங்குடியினர். 2001-இல் அவர்கள் பாதிக்கும் குறைவு. தெற்கே திருவிதாங்கூரிலிருந்தும் கிழக்கே தமிழ்நாட்டிலிருந்தும் குடியேறியவர்கள் கைக்கு நிலம் போனது. நிலம் போனால் கம்பளம் எங்கே நடக்கும்? பாட்டு வயலைவிட்டு மேடைக்கு வந்தது. நஞ்சியம்மாவும் ஆடு மாடு மேய்த்துக்கொண்டே, பழனிசாமி நடத்திய ஆசாத் கலைக்குழுவில் பாடியவர்தான்.

2022 ஜூலையில் அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, சுருதி சேர்த்துச் சாதாரணத் திரைப்பாட்டு ஒன்றை அவரால் பாட முடியுமா, காலமெல்லாம் பயிற்சி செய்தவர்களுக்கு இது அவமதிப்பல்லவா என்று கேள்வி எழுந்தது. பயிற்சிக்கு மதிப்பு வேண்டும் என்பது சரியே. ஆனால் விருது ஒரு குறிப்பிட்ட பாட்டைப் பாடியதற்கு. அந்தப் பாட்டுக்கு வேண்டிய பயிற்சி கம்பளத்திலும் சாவு வீட்டிலும் கிடைப்பது, சங்கீத வகுப்பில் அல்ல. பாட்டை எடுப்பாக்கியது ஜேக்ஸ் பிஜோயின் இசையமைப்பு என்பார்கள். அதன் பங்கு பெரிதுதான். ஆனாலும் அந்த இசையமைப்பு சுற்றி நிற்பது நஞ்சியம்மா கொண்டுவந்த மெட்டைத்தான். வரிகளும் அவருடையவை. பாடலாசிரியர் என்ற இடத்திலும் நஞ்சியம்மா பெயரே இருப்பதை, குரலைக் கொண்டாடும் அவசரத்தில் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.