துவக்குக் கட்டை சொல்லும் வரலாறு



வகுப்பில் போர்த்துக்கேயர் பாடம். "துவக்கைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான்" என்று சொன்னதும் கடைசி வாங்கில் இருந்து ஒரு மாணவன் கேட்டான்: "அப்ப நம்மட ஆக்கள் ஒண்டும் செய்யல்லையா சேர்?"

நல்ல கேள்வி. அதற்கான பதில் துவக்கின் கட்டையில் இருக்கிறது.

வயற்பக்கம் பன்றிக்காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருக்கும் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஷொட்கனில் பின்பக்கக் குறிகாட்டி இல்லை. சுடுபவரின் கண்தான் அந்த வேலையைச் செய்கிறது. கன்னம் படியும் இடம் உயர்ந்தால் வெடி மேலே போகும், தாழ்ந்தால் கீழே போகும். கட்டை நீளமென்றால் தூக்கும்போது கக்கத்தில் சிக்கும். அதனால்தான் இன்று கட்டையைக் கூட்டிக் குறைக்கும் வசதியோடு ஷொட்கன் செய்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இங்கிலாந்தில், தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதுபோல, ஆளுக்கு அளவெடுக்கவென்றே ஒரு துவக்கு வைத்திருந்தார்கள்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1505இல் போர்த்துக்கேயர் வந்தார்கள். அவர்கள் ஆசியாவில் பரப்பிய துவக்குகளின் கட்டை குட்டையானது. தோளில் முட்டுக்கொடுக்காமல் கன்னத்தோடு அணைத்துச் சுடுவது. 1543இல் ஜப்பானுக்குப் போனதும் அந்த வகைதான். அங்கே அந்தக் குட்டைக் கட்டை அப்படியே நிலைத்துவிட்டது.

கண்டி இராச்சியத்துக் கைவினைஞர்கள் கட்டையிலேயே கைவைத்தார்கள். அதைக் கீழ்நோக்கி வளைத்து, நுனியைப் பிளந்து சுருளாக்கினார்கள். கொடிவேலை செதுக்கி, தந்தமும் வெள்ளியும் பதித்தார்கள். சுடும் பொறியைப் பல துவக்குகளில் இடப்பக்கம் வைத்தார்கள். பார்த்தவுடன் இது இலங்கைத் துவக்கு என்று சொல்லிவிடலாம். இந்நாட்டுத் துவக்குகளின் தரத்தைப் போர்த்துக்கேயரே புகழ்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

நமது திருகோணமலைக்கும் இதில் பங்குண்டு. 1620களில் கோணேஸ்வரம் கோயிலை இடித்த கற்களால் இங்கே கோட்டை கட்டுவித்த தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, 1630இல் ரந்தெனிவெலயில் கண்டிப் படையிடம் தோற்று உயிரிழந்தார். துவக்கோடு வந்தவர்களுக்கு எதிரே அன்று துவக்கு பழகிய ஒரு படை நின்றது.

சொல்லையும் பாருங்கள். நாம் 'துவக்கு' என்கிறோம், சிங்களச் சகோதரர்கள் 'துவக்குவ' என்கிறார்கள். இரண்டுக்கும் வேர் துருக்கியரின் 'துஃபெக்'. தமிழ்நாட்டுத் 'துப்பாக்கி'யும் அங்கிருந்து வந்ததுதான்.

ஆயுதத்தைப் புகழ நான் இதை எழுதவில்லை. துவக்கால் இந்த மாவட்டம் இழந்தது போதும். எனக்குள் இருப்பது வேறொரு கேள்வி.

கடலால் வந்த ஒரு பொருள், கடலால் வந்த ஒரு சொல். இந்த மண்ணின் மரத்திலும் கையிலும் பொருந்தியதும் 'கண்டித் துவக்கு' ஆகிவிட்டது. எப்போது வந்தாய் என்று அதை யாரும் கேட்பதில்லை. ஆயிரம் வருடங்களுக்கு மேலாக இந்தக் கரையோடு பிணைந்து வாழும் நம்மிடம் மட்டும் அந்தக் கேள்வி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். கேட்பவர்களுக்குக் கோபப்படாமல் பதில் சொல்ல அவர்களுக்கு உதவும்.