அவன் ஏன் பாதியில் நின்றான்?

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ கல்யாண விவகாரம்னு உள்ளே வந்தவங்க மன்னிக்கணும். இது மைக்ரோவேவ் அவன் பற்றிய பதிவு. நுண்ணலை அடுப்புன்னு எழுதலாம்தான். ஆனா எங்க ஏம்பலத்துல கடைக்குப் போய் அப்படிக் கேட்டா ஒருத்தரும் எடுத்துத் தர மாட்டாங்க.

சாம்பாரைச் சூடு பண்ண வைக்கிறோம். ரெண்டு நிமிஷம் ஓடுது. உள்ளேயிருந்து மெல்லிசா ஒரு 'டிக்'. எல்லாம் அணைஞ்சு போச்சு. கால் மணி கழிச்சு தானா உயிர் வருது, கொஞ்ச நேரத்துல மறுபடியும் 'டிக்'. எங்க அத்தை வீட்டு அவனுக்கு வந்த வியாதி இதுதான். மெக்கானிக் கழட்டிப் பார்த்துட்டு, "இந்தச் சின்ன சுவிட்சுதாங்க தொந்தரவு, டைரக்ட் குடுத்துடவா?"ன்னு கேட்டார். நான் வேண்டாம்னேன். அத்தை ஏன்டான்னு கேட்டாங்க. அதுக்கான பதில் இரண்டாம் உலகப்போர்ல ஆரம்பிக்குது!

1940 பிப்ரவரி, பர்மிங்காம் பல்கலைக்கழகம். ஜான் ராண்டல், ஹாரி பூட்னு ரெண்டு பேர். ஒரு செப்புக் கட்டியில ஓட்டைகளைக் குடைந்து, நடுவுல எலக்ட்ரான்களைச் சுழல விட்டு, அதுவரைக்கும் யாரும் பார்க்காத சக்தியோட நுண்ணலைகளைக் கிளப்பிக் காட்டினாங்க. இதுதான் கேவிட்டி மேக்னட்ரான். எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்கிற ரேடாருக்காக. அதே வருஷம் டிசார்ட் தலைமையிலான குழு இதை அமெரிக்காவுக்குக் கொண்டு போச்சு. அங்கே ரேதியான் கம்பெனியில பெர்சி ஸ்பென்சர். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத மனுஷர். செப்பைக் குடைஞ்சுக்கிட்டு இருந்தா போர் முடிஞ்சுடும்னு, மெல்லிய தகடுகளை வெட்டி அடுக்கி ஒட்டவைக்கிற வழியைக் கண்டுபிடிச்சார். கடைசியில ஒரு நாளைக்கு 2,600 மேக்னட்ரான் வரைக்கும் போனாங்களாம்.

1945ல அவர் சட்டைப்பையில இருந்த மிட்டாய் உருகின கதை எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுடுவோம். எனக்கு ஆச்சரியம், அதுக்கப்புறம் வந்த முதல் அடுப்புதான். 1947ல வந்த ரேடாரேஞ்ச். கிட்டத்தட்ட ஆறடி உயரம், 340 கிலோ எடை. அதைவிட முக்கியம், அதுக்குத் தண்ணிக் குழாய் இணைப்பு வேணும்! சமைக்க இல்லைங்க, மேக்னட்ரானைக் குளிர வைக்க. (அப்போ ஏம்பலத்துல பறந்துக்கிட்டு இருந்தது பிரெஞ்சுக் கொடி. 1954 வரைக்கும் அப்படித்தான்.)

ஏன் இவ்வளவு சூடு? இன்னைக்கும் 800 வாட்ஸ்னு ஸ்டிக்கர் ஒட்டின அவன், கரண்ட்டை 1,200 வாட்ஸ் பக்கம் இழுக்கும். மிச்சமெல்லாம் உள்ளேயே சூடா நிக்குது, அதுல பெரும்பங்கு மேக்னட்ரான்ல. இது போதாதுன்னு, காலியாவோ ஒரு வாய் காபியை மட்டும் வெச்சோ ஓட்டினா, உறிஞ்ச ஆளில்லாத அலைகள் திரும்பி வந்து மேக்னட்ரானையே சுடும். 1967ல 495 டாலருக்கு, மேடை மேல வைக்கிற ரேடாரேஞ்ச் வந்தப்போ தண்ணிக் குழாய் போயே போச்சு. பதிலுக்கு ஒரு விசிறி. அதாவது, ஒரு காலத்துல குழாய்த் தண்ணி பார்த்த வேலையை இப்போ ஒரு சின்ன விசிறி ஒத்தையா பார்க்குது. அது தடுமாறினா காப்பாத்த ஒரு காவல்காரன் வேணும் இல்லையா?

அந்தக் காவல்காரன்தான் 'டிக்'. உள்ளே இருக்கிறது ரெண்டு உலோகம் ஒட்டின ஒரு குட்டித் தகடு. சூடேறினா ரெண்டும் வேற வேற அளவுல நீளும், தகடு வளையும். இந்தச் சூட்சுமத்தை 18ஆம் நூற்றாண்டுலயே கடிகாரக்காரர் ஜான் ஹாரிசன் தன் கப்பல் கடிகாரத்துல பயன்படுத்திட்டார். ஆனா மெதுவா வளையுற தகடு சுவிட்சுக்கு உதவாது. மெல்ல விலகும்போது பொறி பறந்து காண்டாக்ட் கருகிடும். 1920கள்ல ஜான் ஸ்பென்சர்னு ஒரு அமெரிக்கர் (ஆமா, இவரும் ஸ்பென்சர்!) தகட்டைக் கிண்ணம் மாதிரி குழிச்சார். குறிப்பிட்ட சூடு வர்ற வரைக்கும் சும்மா இருக்கும், வந்ததும் சடக்குன்னு மறுபக்கம் குதிக்கும். ஆறினதும் திரும்பக் குதிக்கும். இந்தத் தெர்மோஸ்டாட்டைக் கடைக்குக் கொண்டு வந்தவங்கள்ல ஒருத்தர் லாரன்ஸ் மார்ஷல். ரேதியானைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரும் அதே மார்ஷல்தான். அடுப்புக்கும் அதன் காவல்காரனுக்கும் இப்படி ஒரு உறவு!

ஆக, டிக் அடிக்கிற சுவிட்ச் பெரும்பாலும் குற்றவாளி இல்லை, புகார் குடுத்தவன். அவனை டைரக்ட் குடுத்து வாயடைச்சா மேக்னட்ரான் வெந்து போகும், தீயும் பிடிக்கலாம். அத்தை வீட்டுல உண்மையான குற்றவாளி விசிறி. தாளிச்ச எண்ணெய்ப் புகையும் தூசியும் சேர்ந்து பிசுக்கா அப்பியிருந்தது. போதாக்குறைக்கு, அவனை அலமாரிக்குள்ள காத்துத் துளை சுவரோட ஒட்டுற மாதிரி தள்ளி வெச்சிருந்தாங்க. மெக்கானிக்கே துடைச்சு, விசிறிக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, வெளியே இழுத்து வெச்சார். டிக் நின்னு போச்சு. (பிளக்கைப் பிடுங்கியாச்சேன்னு நீங்களே திறந்து பார்க்காதீங்க மக்களே. உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் 2,000 வோல்ட் சமாச்சாரம், பிளக்கை எடுத்த அப்புறமும் சார்ஜ் பிடிச்சு வெச்சிருக்கும்.)

கால் மணி கழிச்சும் உயிர் வரலேன்னா அது வேற கதை. கதவை லேசா ஆட்டினா நிக்குது, வருதுன்னா அதுவும் வேற. அங்கே இருக்கிறது இன்னொரு காவல் கூட்டம், அதுக்கும் வரலாறு உண்டு. 1967ல அமெரிக்காவுல சில கலர் டிவிகள்ல எக்ஸ்ரே கசியுதுன்னு பெரிய களேபரம். 1968ல கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துது. அதன்கீழ 1971 அக்டோபர்ல இருந்து மைக்ரோவேவுக்குத் தனி விதி: 5 செ.மீ. தூரத்துல கசிவு, விற்கும் முன்னாடி சதுர செ.மீ.க்கு 1 மில்லிவாட், அப்புறம் ஆயுசுக்கும் 5 மில்லிவாட் தாண்டக் கூடாது. கதவு திறந்தா அணைக்க ஒண்ணுக்கு ரெண்டு சுவிட்ச், அதுல ஒண்ணு விரல் எட்டாதபடி மறைவா. நாளடைவில் மூணாவதா ஒண்ணும் சேர்ந்துது, மானிட்டர் சுவிட்ச். அது அணைக்கிற சுவிட்ச் இல்லை. அந்த ரெண்டும் ஒட்டிக்கிட்டு, கதவு திறந்தும் அடுப்பு ஓடுற நிலைமை வந்தா, இது வேணும்னே ஷார்ட் பண்ணி ஃபியூஸை எரிச்சுடும். புது ஃபியூஸ் போட்டதும் மறுபடி அதே கதையா? அப்போ ஃபியூஸ்காரரை விட்டுட்டு கதவு சுவிட்சைப் பார்க்கச் சொல்லுங்க.