லேடி பீ குட் வானூர்தி மறைவு

லேடி பீ குட் என்பது இரண்டாம் உலகப் போரின்போது, 1943 ஏப்ரல் 4 அன்று, 9 வீரர்களுடன் காணாமற்போன அமெரிக்கக் குண்டுவீச்சு வானூர்தி ஆகும். பி-24 லிபரேட்டர் வகையைச் சேர்ந்த இது, கடலில் மூழ்கியதாகவே பல ஆண்டுகள் கருதப்பட்டது. 15 ஆண்டுகளுக்குப் பின்னர், கடற்கரையிலிருந்து சுமார் 700 கி.மீ. உள்ளே, லிபியப் பாலைவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

கடைசிப் பயணம்

லிபியாவின் சோலுக் தளத்திலிருந்து இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்க அன்று 25 வானூர்திகள் அனுப்பப்பட்டன. புறப்படும்போது மணற்புயல் வீசியதால் அணி சிதறியது. வில்லியம் ஹாட்டன் தலைமையிலான குழுவினருக்கு அதுவே முதல் போர்ப்பயணம். இலக்கு தெளிவாகத் தெரியாததால் தாக்குதல் நடத்தாமல், இருளில் தனியே திரும்பினர்.

நள்ளிரவுக்குச் சற்றுப் பின், ஹாட்டன் வானொலி மூலம் திசை கேட்டார். பெனினா நிலையம் 330 பாகை எனப் பதிலளித்தது. அதாவது, வானூர்தி நிலையத்திற்கு வடமேற்கே, கடலின்மேல் வருகிறது என்பது பொருள். ஆனால் அக்காலத்து வளைய உணர்கொம்பு, சைகை வரும் கோட்டை மட்டுமே காட்டும். அது முன்னிருந்து வருகிறதா, பின்னிருந்து வருகிறதா என்று பிரித்துக் காட்டாது. அப்போது வானூர்தி தளத்தைத் தாண்டித் தென்கிழக்கே சென்றிருக்க வேண்டும் எனக் கருதப்படுகிறது. கடல் இன்னும் முடியவில்லை என்ற எண்ணத்தில் அவர்கள் மேலும் இரண்டு மணி நேரம் பறந்தனர். எரிபொருள் தீரும் நிலையில் வான்குடையுடன் குதித்தனர்.

பாலைவன நடை

ஜான் வொராவ்காவின் வான்குடை சரியாக விரியாததால் அவர் இறந்தார். மற்ற எண்மரும் ஒன்றுகூடி வடமேற்கே நடந்தனர். கடற்கரை அருகில்தான் இருக்கும் என்று அவர்கள் நம்பியிருக்க வேண்டும். தேடி வருவோருக்கு அடையாளமாகக் காலணிகளையும், வான்குடைத் துண்டுகளையும், கடலில் விழுந்தால் உதவும் மிதவைச் சட்டைகளையும் மணலில் விட்டுச் சென்றனர். அவர்களிடம் இருந்தது அரைக் குடுவைத் தண்ணீர். நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு மூடியளவே குடித்தனர். துணை விமானி ராபர்ட் டோனரின் நாட்குறிப்பு ஏப்ரல் 12 வரை எழுதப்பட்டுள்ளது. நடக்க இயலாமல் ஐவர் ஓரிடத்தில் தங்கிவிட, மூவர் உதவி தேடி முன்னே சென்றனர்.

ஆளில்லாத வானூர்தியோ, அவர்கள் குதித்த இடத்திற்குத் தெற்கே சுமார் 26 கி.மீ. தொலைவில் தரையில் சறுக்கி நின்றிருந்தது. அதில் தண்ணீரும் சிறிது உணவும் வேலை செய்யும் வானொலியும் இருந்தன.

கண்டுபிடிப்பு

1958-இல் எண்ணெய் வளம் தேடிய பிரித்தானியக் குழுவினர் வானிலிருந்து இதைக் கண்டனர். 1959-இல் அமெரிக்க ஆய்வுக் குழு சென்றபோது உடல்கள் எவையும் உள்ளே இல்லை. 1960-இல் எண்மரின் உடல்கள் வெவ்வேறு இடங்களில் கிடைத்தன. ஐவரின் உடல்கள் வானூர்தியிலிருந்து 100 கி.மீ.க்கும் அப்பால் கிடந்தன. அவர்களைவிட 30 கி.மீ.க்கு மேல் முன்னே சென்று ஒருவர் இறந்திருந்தார். வெர்னான் மூரின் உடல் அதிகாரப்பூர்வமாக அடையாளம் காணப்படவில்லை.

மறைவு உணர்த்துவது

வானூர்தி காணாமற்போனபோது மீட்புப் படையினர் கடற்பகுதியில் தேடினர்; வீரர்கள் கடலை நோக்கி நடந்தனர். வானூர்தி தளத்தைத் தாண்டியிருக்கலாம் என்ற எண்ணம் இரு தரப்பாருக்கும் எழவில்லை. திசை காட்டும் கருவி பழுதாகவில்லை. அது தந்த எண்ணுக்கு இரண்டு பொருள் இருந்தது; ஒன்று மட்டுமே கொள்ளப்பட்டது.

வானூர்தியின் எஞ்சிய பாகங்கள் 1994-இல் பாலைவனத்திலிருந்து அகற்றப்பட்டன.